கல்லைக் கேட்கும் பிள்ளைக்கும் அப்பம்



சென்ற ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆசீர்வாதம் பெற்று வெளியே ஓடின பிள்ளைகளில் பாதிப்பேர் போன இடம் எதிரேயுள்ள பெட்டிக்கடை. மூன்று வயதிருக்கும் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்து அழுதாள். கடையில் சரம் சரமாய்த் தொங்குகிற பளபளப்பான பொட்டலங்களில் ஒன்று அவளுக்கு வேண்டுமாம். "வீட்டுக்குப் போனா இட்டிலி இருக்குடி தங்கம்" என்று பாட்டி இரண்டுதரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாந்தரம் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்தாள். பிள்ளையின் அழுகை நின்றது. காலைச் சாப்பாடும் அத்தோடு நின்றது.

அந்தப் பாட்டியைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவள் அன்பினாலேதான் வாங்கிக் கொடுத்தாள். பகையினால் செய்கிற தீமையைத் திருத்துவது எளிது. அன்பினால் செய்கிற தவறைத் திருத்துவதுதான் கடினம். ஆகையால், சிறு பிள்ளைகளுக்கு உணவூட்டுகிற விஷயத்தைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 'இதென்ன, சுவாமியார் அடுக்களைக்குள் நுழைகிறாரே' என்று நினைக்காதீர்கள். நமதாண்டவரே ஒரு வீட்டின் அடுக்களைக் காரியத்தில் கட்டளையிட்டிருக்கிறார்.

யாயீர் என்னும் செபக்கூடத் தலைவனுடைய மகளைச் சேசுநாதர் உயிர்ப்பித்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அவளுக்கு வயது 12. வீட்டில் ஒப்பாரி வைத்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரையும், பெற்றோரையும் மாத்திரம் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் எழுந்து நடந்தாள். எல்லோரும் திகைத்து நின்றபோது அவர் என்ன சொன்னார்? நன்றிப் பலி கொடுங்கள் என்றாரா? செபக்கூடத்துக்குப் போங்கள் என்றாரா? இல்லை. சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொன்னார்.

கவனியுங்கள். செத்த பிள்ளைக்கு உயிர் கொடுத்தவருக்கு அவள் வயிற்றை நிரப்புவது பெரிய காரியமா? பாலைவெளியில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தவர் அன்றோ! ஆயினும் அதை அவர் தாம் செய்யவில்லை. தாய்தகப்பன் கையில் விட்டார். உயிர் கொடுப்பது சர்வேசுரனுடைய வேலை. அந்த உயிருக்குச் சோறு கொடுப்பது உங்கள் வேலை. ஞானஸ்நானத் தொட்டியில் நாங்கள் உங்கள் பிள்ளையைச் சர்வேசுரனுடைய பிள்ளையாக்கி உங்கள் கையில் திரும்பத் தருகிறபோதும் அதே கட்டளைதான் உங்களோடு வீட்டுக்கு வருகிறது.

இன்னொரு வார்த்தையையும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். பிள்ளை அப்பம் கேட்டால் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உண்டா, மீன் கேட்டால் பாம்பைக் கொடுப்பானா, முட்டை கேட்டால் தேளைக் கொடுப்பானா என்று கேட்டார். அந்த நாளில் 'இல்லை' என்பதே பதில். இந்த நாளில் காரியம் தலைகீழாய்ப் போயிற்று. இன்று பிள்ளையே கல்லைக் கேட்கிறது! வீட்டில் அப்பம் இருக்க, மீன் இருக்க, முட்டை இருக்க, கடையில் தொங்கும் கல்லைக் காட்டி அழுகிறது. நாமும், 'பிள்ளை கேட்டதைக் கொடுப்பதே அன்பு' என்று எண்ணி வாங்கிக் கொடுக்கிறோம். பிரியமானவர்களே, கேட்டதைக் கொடுப்பவர் கடைக்காரர். கல்லைக் கேட்டாலும் அப்பத்தைக் கொடுப்பவரே தகப்பன்.

இதைச் சொல்லுமுன் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். வீடு மந்திரிக்கப் போகும்போதெல்லாம் என் அங்கிப் பையில் மிட்டாய் இருக்கும். என்னைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். எனக்கும் அது சந்தோஷம். ஒருநாள் ஒரு தாய், தன் நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்திருந்தன. இரவெல்லாம் வலியால் தூங்கவில்லையாம். "வீட்டுல இனிப்பே குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சாமி. நான் நிறுத்திட்டேன். ஆனா சாமி கையால குடுக்கிறதை நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றாள். அவள் கோபமாய்ச் சொல்லவில்லை, வெட்கத்தோடு சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாயிற்று. பிள்ளைகளின் பிரியத்தை நான் மிட்டாய் கொடுத்து விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று முதல் என் பையில் மிட்டாய் இல்லை. பிள்ளைகள் இன்னும் ஓடித்தான் வருகிறார்கள்.

சரி, நம் பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள்? 2019 முதல் 2021 வரை அரசாங்கம் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரமில்லாமல் குறுகியிருக்கிறது. இது பட்டினிக் காலத்துக் கணக்கு அல்ல. கடைவீதியெங்கும் தின்பண்டம் குவிந்து கிடக்கிற காலத்துக் கணக்கு. வயிறு நிறைந்திருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது. கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். கொழுத்த பிள்ளைக்கும் இரத்தசோகை இருக்கக்கூடும். இரும்புச்சத்துக் குறைந்தால் பிள்ளை சோர்ந்து கிடக்கும், அடிக்கடி நோயில் விழும். முதல் சில வருஷங்களில் மூளை வளருகிற நேரத்தில் இக்குறை நீடித்தால், பிற்பாடு பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாது. 'படிப்பு வரவில்லை' என்று நாம் அடிக்கிற பிள்ளைக்கு, ஒருவேளை பசலைக்கீரை வராமற்போயிருக்கலாம்.

ஆகவே தாய்மார்கள் கவனிக்கவேண்டியதை வயது வரிசையில் சொல்லுகிறேன்.

பிறந்ததுமுதல் 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மாத்திரமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ பச்சைப் பிள்ளையின் நாவில் தடவுகிற வழக்கம் நம் குடும்பங்களில் இன்னுமிருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் விஷம் பச்சைப் பிள்ளையின் தசைகளைச் செயலறச் செய்துவிடும். மூத்தவர்கள் ஆசீர்வதிக்க விரும்பினால் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். அதைவிட மேலான சேனை கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஏது?

6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு தொடங்கவேண்டும். குழைந்த சாதமும் பருப்பும், கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த காய், பிறகு முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாய்ப் பழக்குங்கள். தாய்ப்பாலை 2 வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். 2 வயது முடியும்வரை சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். பழத்தின் இனிப்பே போதும். முழு வேர்க்கடலையைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.

ஒரு வயதுக்கு மேல் பிள்ளை குடும்பத்தாரோடு உட்கார்ந்து குடும்பச் சாப்பாட்டையே சாப்பிடவேண்டும். அதன் வயிறு சிறியது. ஆகையால் ஒரே தடவையில் திணியாமல், மூன்று வேளையும் நடுவே இரண்டு தரமும் கொஞ்சங் கொஞ்சமாய்க் கொடுங்கள். அந்த நடு வேளைகளில்தான் பொட்டலம் வீட்டுக்குள் நுழைகிறது. அந்த இடத்தை அவித்த சுண்டல், கொய்யாப்பழம், கடலை உருண்டை, மோர், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றால் முதலிலேயே நிரப்பிவிட்டால், பொட்டலத்துக்கு இடமிராது.

காலையில் தேயிலைத் தண்ணீரில் பிஸ்கோத்தை நனைத்துக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் நம் பங்கில் அநேகம். தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் அதைச் சேரச் செய்கின்றன. கீரைச் சாதத்தின்மேல் நாலு சொட்டு எலுமிச்சஞ்சாறு பிழிவது இவ்வளவு பலன் தருமென்றால், அதைச் செய்ய என்ன தடை?

"சாமி, எங்களுக்குச் சத்தான சாப்பாடு வாங்க வசதியேது?" என்று சிலர் கேட்பீர்கள். இக்கேள்வியை நான் அற்பமாய் எண்ணவில்லை. கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு உடம்பிலே தெம்பிராது, கையிலே காசிராது. ஆனால் கணக்குப் பாருங்கள். பத்து ரூபாய்ப் பொட்டலத்தின் விலையில் ஒரு முட்டை வாங்கலாம். முருங்கைக்கீரை அநேகமாய் விலையின்றியே கிடைக்கிறது. கேழ்வரகை ஏழையின் தானியமென்று நாம் தள்ளினோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நம் பாட்டன்மார் குடித்த கூழை உலகமே திரும்பிப் பார்த்து, 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிற்று. நாம் மாத்திரம் விருந்தாளி வந்தால் கூழ்ப்பானையை மறைக்கிறோம்!

விலை அதிகமானதெல்லாம் சத்தானதுமல்ல. பாலில் கலக்கும் பொடிகளை 'ஆரோக்கிய பானம்' என்று நம்பி மாதாமாதம் வாங்குகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பானங்களை அந்தப் பெயரின்கீழ் விற்கவேண்டாமென்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணையக் கடைகளுக்கு அறிவித்தது. புட்டியில் வரும் குளிர்பானம் 200 மில்லி குடித்தால் நாலைந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. தாகத்துக்குச் சர்வேசுரன் படைத்தது தண்ணீர்.

நமது இராஜ்யத்தில் பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போடுவது நெடுநாளைய நல்வழக்கம். 1956-ல் காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது மதிய உணவு பரவலாயிற்று. 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாயிற்று. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. பால்வாடியில் சத்துமாவும் முட்டையும் கொடுக்கிறார்கள். சிலர் அதைக் கௌரவக் குறைவென்று எண்ணிச் சத்துமாவை மாட்டுக்குக் கரைத்துவிடுகிறதாய்க் கேள்விப்படுகிறேன். பிள்ளைக்கென்று வந்த உணவை மாட்டுக்கு வைப்பது கௌரவமா? யோசியுங்கள்.

இனி, தகப்பன்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. யாயீர் வீட்டில் ஆண்டவர் உணவு கொடுக்கச் சொன்னது ஆண் பிள்ளைக்கல்ல, பெண் பிள்ளைக்கு. நம் வீடுகளில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு யாருக்குப் போகிறது? தகப்பனுக்கும் மகனுக்கும். மகளுக்குத் தலையும் வாலும். தாய்க்குச் சட்டியில் ஒட்டின குழம்பு. இதைச் சின்னஞ்சிறு பெண் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. 'நான் கடைசியில் சாப்பிடவேண்டியவள்' என்ற பாடத்தை அது ஐந்து வயதுக்குள் கற்றுக்கொள்கிறது. வளர்ந்து, இரத்தமில்லாத தாயாகி, எடையில்லாத பிள்ளையைப் பெறுகிறது. ஆண்டவர் கைபிடித்து எழுப்பின சிறுமியை நாம் மறுபடியும் படுக்க வைக்கலாமா? உங்கள் தட்டிலுள்ள நடுத்துண்டை ஒருநாளாவது மகள் தட்டில் எடுத்து வையுங்கள். நூறு பிரசங்கம் செய்யாததை அது செய்யும்.

உணவு பழக்குகிற முறையிலும் கவனம் தேவை. முதலாவது, வற்புறுத்தாதேயுங்கள். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் அதிகாரம்; எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையின் வயிற்றுக்கு விடுங்கள். பாகற்காயை ஒருதரம் துப்பினால் 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பிடவேண்டாம். புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சிலவேளை பதினைந்து தடவைகூட ஆகும். பாவியாகிய நம்மிடம் ஆண்டவர் எத்தனைதரம் பொறுமையாய்த் திரும்பி வருகிறார்! நாம் பாகற்காயோடு பத்துதரம் திரும்பி வரலாகாதா?

இரண்டாவது, உணவை இலஞ்சமும் தண்டனையுமாக ஆக்காதேயுங்கள். 'இதைத் தின்றால் மிட்டாய் தருவேன்' என்றால், மிட்டாய் பரிசு, கீரை தண்டனை என்று பிள்ளை படித்துக்கொள்ளும். 'சேட்டை செய்தால் சோறில்லை' என்று ஒருபோதும் சொல்லவேண்டாம். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது அந்தத் தகப்பன் விருந்துதான் வைத்தான்.

மூன்றாவது, கைப்பேசியைக் காட்டி ஊட்டாதேயுங்கள். வாயில் என்ன விழுகிறது, வயிறு எப்போது நிறைந்தது என்று அப்போது பிள்ளைக்குத் தெரியாது. முற்காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினார்களே என்பீர்கள். நிலாவைக் காட்டின தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியைக் காட்டுகிறபோதோ பிள்ளையும் தாயைப் பார்ப்பதில்லை, தாயும் பிள்ளையைப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது மாதிரிகை. பபிலோன் அரண்மனையில் தானியேலும் அவருடைய தோழர் மூவரும் இராஜ போசனத்தை மறுத்து, பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் உட்கொண்டு, மற்ற வாலிபரைவிட முகக்களையோடு விளங்கினார்கள். எங்கிருந்து வந்தது அந்த உறுதி? சொந்த வீட்டுப் பந்தியில் கற்றதிலிருந்து அன்றோ! தகப்பன் கீரையை ஒதுக்கினால் மகனும் ஒதுக்குவான். போசனப்பிரியம் தலையான பாவம் ஏழில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் கற்பிக்கிறோம். அதற்கு மருந்தாகிய மட்டசனத்தை வகுப்பில் கற்பிக்க முடியாது. வீட்டுப் பந்தியில்தான் கற்பிக்க முடியும்.

கடைசியாக, ஒரு தப்பெண்ணம். ஞாயிறு பூசைக்கு வரும் சிறுவரை வெறும் வயிற்றோடு கூட்டிவருவது பக்தியென்று பலர் நினைக்கிறார்கள். நற்கருணை வாங்கமுன் ஒருமணி நேரம் மாத்திரம் உணவு விலக்கினால் போதுமென்று 1964-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் அனுமதித்துவிட்டார். புதுநன்மை வாங்காத சிறு பிள்ளைக்கு அந்த ஒருமணிக் கட்டளையும் இல்லை. தபசுகாலத்திலும் திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனக் கடன் 14 வயது நிறைந்தபின்னும், ஒருசந்திக் கடன் 18 வயது நிறைந்தபின்னுமே தொடங்குகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு வீட்டில் இட்டிலி கொடுத்துக் கூட்டிவாருங்கள். வயிறு நிறைந்த பிள்ளை பெட்டிக்கடையைப் பார்த்து அழாது, பூசையிலும் சிணுங்காது. தபசு செய்யக் கற்பிக்க விரும்பினால், பொட்டலத்துக்கு வைத்த காசை ஏழைகளின் உண்டியலில் போடக் கற்பியுங்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினைகள் கேட்கிறேன். தினம் ஒருவேளையாவது குடும்பம் முழுவதும் ஒன்றாய் உட்கார்ந்து, போசனத்துக்கு முன் செபம் சொல்லிச் சாப்பிடுவது. தினம் ஒரு கீரையோ காயோ தகப்பன் முதலில் பிள்ளைகள் கண்முன் உண்பது. கடைத் தின்பண்டம் கேட்டு அழுகிற பிள்ளைக்கு அடியும் கொடாமல் பொட்டலமும் கொடாமல், மடியிலெடுத்து வைத்து வீட்டுப் பலகாரத்தைக் கொடுப்பது. நானும் ஒன்று செய்கிறேன். வரும் ஞாயிறு முதல் ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் அறைவீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சுண்டல் உண்டு. அவிக்க முன்வருகிற தாய்மார் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம்.

நாசரேத்தில் ஒரு சிறு வீடு இருந்தது. உலகத்தை உண்டாக்கினவர் அங்கே சிறு பிள்ளையாய் உட்கார்ந்து, சூசையப்பர் உழைத்துக் கொண்டுவந்ததைத் தேவமாதா சமைத்துக் கொடுக்க, உண்டு வளர்ந்தார். பிற்காலத்தில் நமக்காகச் சிலுவையில் பலியான அந்தத் திருச்சரீரம் ஒரு தாயின் கையுணவால் வளர்ந்த சரீரம். தாய்மார்களே, நீங்கள் பிசைந்து ஊட்டுகிற ஒவ்வொரு கவளமும் அந்தத் திருவீட்டின் வேலையென்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பந்தியையும், அதைச் சுற்றி உட்காருகிற உங்கள் பிள்ளைகளையும் பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவாகிய சர்வேசுரன் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி